குருத்தோலைப் பெட்டி

ஜனவரி 12, திங்கள்

விடுமுறையில் உரக்குழி காய்ந்து கருவாடாகிப் போயிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். இல்லை. மூடியைத் தூக்கினால் மழை பெய்த மண்ணின் வாசனை. கையை விட்டால் இளஞ்சூடு. பிள்ளைகள் “குழி உயிரோட இருக்கு டீச்சர்” என்று குதித்தார்கள். எனக்கும் குதிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் குதித்தால் நன்றாகவா இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தினமும் சாயங்காலம் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது நின்று ஒரு பருவம் முழுதாக ஓடிவிட்டது. ஏன் நிறுத்தினோம் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயார்: ஆண்டவர் படைத்த காற்று, நம் பொறுப்பு, மறைமாவட்ட ஆயரின் சுற்றறிக்கை, பசுமைப் பள்ளி. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நோட்டிலாவது பூசி மெழுகாமல் எழுதலாமே. காரணம் சிட்டு. என் மகள், இதே பள்ளியில் நாலாம் வகுப்பு. புகை பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். போன வருடம் எத்தனை முறை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம் என்று கணக்கே இல்லை. கொளுத்துவது நின்ற பிறகு ஒரு தடவைகூட ஓடவில்லை.

ஆயாம்மாவுக்குத்தான் என்மேல் தீராத கோபம். கூட்டுவதும் பெருக்குவதும் அவர் வேலை. “முன்னெல்லாம் கொளுத்திட்டு நேரத்தோட வீட்டுக்குப் போயிடுவேன். இப்ப இலை தனி, தோலு தனி, காகிதம் தனி. நானும் ஒரு டீச்சர் ஆயிட்டேன்” என்று இன்றும் காதில் விழும்படி முணுமுணுத்தார். விழவில்லை என்பதுபோல் நடந்தேன்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் வருட ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: “இது கோயில் வளாகம் டீச்சர். பெருசா ஒரு பிரச்சனை வந்துச்சுன்னா குழியை மூடிடுவேன். அப்புறம் பழையபடி கொளுத்துறதுதான்.” எங்கள் சந்துக்குள் குப்பை வண்டி நுழையாது. ஒன்று குழி, இல்லையென்றால் நெருப்பு. நடுவில் வேறு வழி கிடையாது. சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் அதில் நிற்கிறவர் வேறு.

ஜனவரி 14, புதன்

சிட்டு இடைவேளை முழுக்க ஓடிப்பிடித்து விளையாடினாள். இரைக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நினைத்தது வந்துவிட்டது. மதிலுக்கு அந்தப்புறம் அச்சகம் வைத்திருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சிஸ்டரின் அறைக்கு வந்தார். “படிக்கிற பிள்ளைங்க இருக்கற இடமா இது? என் ஆளுங்க சாப்பிட முடியல.” சிஸ்டர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. “இது சின்னப் பிரச்சனைன்னு வெச்சுக்கறேன் டீச்சர்” என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

தப்பு எங்கே என்று எனக்கே தெரியும். மதியச் சாப்பாட்டு மிச்சம், ஆரஞ்சுத் தோல், தேயிலைச் சக்கை — எல்லாம் ஈரம். அதற்கு ஈடாகக் காய்ந்தது போடவில்லை. குழி சதசதவென்று இருக்கிறது, நாறாமல் என்ன செய்யும்?

சாயங்கால அசெம்பிளியில் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சொன்னேன்: “காய்ஞ்சது எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க. சருகு, ஓலை, வைக்கோல், எதுவும் குப்பை இல்ல. ஒரு பைக்கு ஒரு நட்சத்திரம். கொளுத்தறது மட்டும் என்ன ஆனாலும் கூடாது. சொல்லுங்க?” “என்ன ஆனாலும் கூடாது” என்று பள்ளிக்கூடமே கத்தியது. சிட்டுவின் குரல்தான் பெரிது. புகை என்றால் என்னவென்று மார்பால் தெரிந்த பிள்ளை.

ஜனவரி 29, வியாழன்

நாற்றம் போயிற்று. சருகு மலைபோல் வந்து குவிகிறது. பிள்ளைகள் பூங்காவையே பெருக்கிவிட்டார்களாம், தோட்டக்காரர் தேடி வந்து நன்றி சொன்னார். நாலாம் வகுப்பு நீல அணி முன்னால் நிற்கிறது. சிட்டு அதில் துணைத்தலைவி, வீட்டில் கால் தரையில் படவில்லை.

அச்சகக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். நான் பதிலுக்கு ரொம்பப் பெருந்தன்மையாக ஆட்டினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு: சாம்பல் புதன் வருகிறது, போன வருடக் குருத்தோலைகளைக் கொண்டுவந்து சேர்க்கவும். நம் வீட்டு ஓலை குருத்தோலை ஞாயிறிலிருந்தே கூடத்துச் சிலுவைக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது, பாதி தூசி. மந்திரித்த ஓலை, கண்ட இடத்தில் போட முடியாது. ஒரு வருடம் வைத்திருந்து கோயிலில் திருப்பிக் கொடுத்தால், அதை எரித்த சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாள் நெற்றியில் பூசுவார்கள்.

கோயில்பிள்ளை — மணி அடிப்பது முதல் மெழுகுவர்த்தி ஏற்றுவதுவரை கோயில் வேலை எல்லாம் அவர்தான் — வழக்கம்போலப் பெட்டியைப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்திருக்கிறார். பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் வந்து சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. நானும் நம் ஓலையை எடுத்துச் சிட்டுவின் பையில் வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குழியிலிருந்து ஆவி வருகிறது. உள்ளே கை வைக்க முடியாத சூடு. இவ்வளவு நன்றாக மக்கி நான் பார்த்ததே இல்லை. சிட்டுவிடம் சொன்னேன், “அப்படியா” என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

பிப்ரவரி 9, திங்கள்

ஓலைப் பெட்டி காலி.

முழுக் காலி இல்லை, அடியில் ஏதோ நாலைந்து கிடக்கின்றன. கோயில்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று காட்டினார். “பங்கு மக்கள், கோயிலைச் சேந்தவங்க பூரா கொடுத்திருக்காங்க. நானே வீடு வீடா கேட்டுட்டேன். எங்க போச்சு? பறந்து போச்சா?” அவர் பார்வை போன இடத்தில் ஆயாம்மா நின்றார், துடைப்பத்தோடு.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் சிஸ்டரின் அறையில் கூட்டம். சிஸ்டர், ஃபாதர், கோயில்பிள்ளை, டீச்சர்கள் நாங்கள். ஆயாம்மாவை நடுவில் நிற்கவைத்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும்தான். கோயில்பிள்ளை ஆரம்பித்தார்: “வராந்தாவைக் கூட்டறது யாரு? கொளுத்திக் கொளுத்திப் பழகின கை யாருது?”

“நான் தொடல” என்றார் ஆயாம்மா.

“தொடாம எப்படிப் போகும்?”

“என் வீட்டு ஓலையும் அந்தப் பெட்டியிலதான் போட்டேன். நான் கும்பிட்ட ஓலையை நானே கொளுத்துவேனா?”

நல்ல கேள்விதான். ஃபாதர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “அவசரப்பட்டு யாரையும் குறை சொல்ல வேண்டாம்” என்றார், அவ்வளவுதான். சாதாரணமாக அவரைப் பேச்சில் நிறுத்துவதுதான் கஷ்டம். சிஸ்டர், விஷயம் தெளிவாகும்வரை ஆயாம்மா வீட்டில் இருக்கட்டும் என்று முடித்தார். ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் போனார்.

எனக்கு? ஒரு நொடி மனசு குளுகுளு என்று ஆயிற்று. இனி முணுமுணுப்பு இருக்காது, குழியைத் திட்ட ஆள் இல்லை. எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

சாயங்காலம் சிட்டு சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

“அம்மா, பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை ஃபாதர் வெளியில சொல்லவே மாட்டாரா?”

“மாட்டார்.”

“வேற யாராவது மாட்டிக்கிட்டாக்கூட?”

என் கை அப்படியே நின்றது.

“ஆயாம்மாவை எதுக்கு வீட்டுக்கு அனுப்பினாங்க? கேக்காம எடுத்தது தப்புன்னு நான்தான் சனிக்கிழமையே ஃபாதர்கிட்ட சொல்லிட்டேனே. மூணு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம்கூட சொல்லி முடிச்சிட்டேன். அதோட தீர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்.”

போன வருடம்தான் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளை. பாவசங்கீர்த்தனம் செய்து பாவத்தை ஃபாதரிடம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வியாழக்கிழமை கைவேலை பீரியடில் நீல அணி பெட்டியைக் குழிக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஓலையில் மடித்திருந்த சிலுவைகளைப் பிரித்து, கத்திரிக்கோலால் நறுக்கி, சருகோடு சருகாகக் கலந்து, மேலே தண்ணீர் தெளித்து — நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு படி விடாமல்.

“ஏண்டி? மந்திரிச்ச ஓலைன்னு தெரியாதா?”

“தெரியும். அதான் குப்பையில போடாம குழியில போட்டோம். பெட்டியில இருந்தா எரிச்சிருப்பாங்கல்ல? என்ன ஆனாலும் கொளுத்தக் கூடாதுன்னு நீதானே சொன்னே? அப்புறம்...” தட்டைப் பார்த்தாள். “மந்திரிச்சதுன்னா செடி நல்லா வரும்னு நெனச்சோம்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்து முடிப்பதற்குள் மீதியும் புரிந்தது. இது சின்னப் பிரச்சனை இல்லை. பங்கு முழுவதும் கும்பிட்ட ஓலையை முட்டை ஓட்டோடு மக்க வைத்திருக்கிறோம். சொன்னால் சிஸ்டர் குழியை மூடுவார். மூடினால் நெருப்பு. நெருப்பு என்றால் இவள்.

ஃபாதர் ஏன் மேசை விளிம்பைப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 11, புதன்

வகுப்புக்கு முன்னால் போய்க் குழியைக் கிளறிப் பார்த்தேன். ஒரு சிலுவை மட்டும் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். காப்பிக் கொட்டை நிறம், சூடு, விரலில் பட்டதும் நார் நாராக வந்தது. மீட்டெடுக்க ஒன்றுமில்லை. திரும்ப வைத்து மூடினேன்.

சொல்லவில்லை.

முதல் பீரியட் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு மதியம். பிறகு சிஸ்டருக்குத் தலைவலி என்றார்கள், பெரிய நிம்மதி. எவ்வளவு சின்ன மனுஷி நான்.

மதியம் ஃபாதர் வராந்தாவில் எதிரே வந்தார். “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றார். எப்போதும் கேட்பதுதான். அவர் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் விடமாட்டார், அவர் குருப்பட்டத்துக்கு அதுதானே முறை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரால் சொல்ல முடியாது. என்னால் முடியும். நான்தான் சொல்ல மாட்டேன் என்கிறேன்.

வகுப்பறைகளைப் பிள்ளைகளே கூட்டினார்கள். “ஆயாம்மா திருடிட்டாங்களா டீச்சர்?” என்று ஒருத்தன் கேட்டான். “வாயை மூடிட்டுக் கூட்டு” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்தான்.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். குழி போனால் சிட்டு என்ன ஆவாள் என்று அழுதேன். ஆயாம்மா வேறு எங்காவது வேலை பார்த்துக்கொள்ள மாட்டாரா, அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லைதானே — இப்படியெல்லாம்கூடப் பேசினேன். என் வாய்தானா அது? முழுவதும் கேட்டுவிட்டு, “நீ சொல்லு, சொல்லாம இரு. ஆனா காலையிலேர்ந்து உன்னால ஒரு வாய் சாப்பிட முடியல, அதையும் பாரு” என்றார். இவர் எப்போதும் இப்படித்தான், முடிச்சைக் காட்டுவார், அவிழ்க்க மாட்டார்.

சிட்டு தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சிஸ்டரின் அறையில் ஃபாதரும் கோயில்பிள்ளையும் புதிய ஆள் பார்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருந்தால் இன்றும் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ. கதவைத் தட்டாமல் போய், உட்காராமல், ஒரே மூச்சில் சொன்னேன்: ஓலை குழியில் இருக்கிறது, போட்டது என் பெண்ணும் அவள் அணியும், நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள், ஆயாம்மாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“அப்படியா!” என்றார் ஃபாதர். புருவம் உச்சிவரை ஏறியது. அப்படி ஒரு ஆச்சரியம். அந்த நிலைமையிலும், இந்த மனிதர் நாடகத்துக்குப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கோயில்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “குழியிலயா? அழுகின தோலு போடற குழியிலயா? சாமி, இது அபச்சாரம் இல்லையா?”

ஃபாதர் யோசித்துப் பேசினார். “மந்திரிச்ச பொருளை எரிக்கலாம், இல்ல மண்ணுல புதைக்கலாம். ரெண்டும் முறைதான். ஆனா முட்டை ஓட்டோட புதைக்கச் சொல்லி எங்கயும் இல்ல.” யாரும் சிரிக்கவில்லை. சாம்பலுக்குப் பக்கத்துப் பங்கில் கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

சிஸ்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.”

“நேத்து ஏன் சொல்லல?”

உள்ளதைச் சொன்னேன். “குழியை மூடிடுவீங்கன்னு.”

அவர் பேனாவை மூடிவைத்தார். “ஒருத்தங்க செய்யாத தப்புக்கு வீட்டுல உக்காந்திருக்காங்க. நீங்க குழியை நெனச்சீங்க.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சிட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மனம் இளகியிருக்குமோ? சொல்ல வரவில்லை. பிள்ளையைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

“சாம்பல் புதன் முடியட்டும். மறுநாள்லேர்ந்து பழையபடி கொளுத்திடலாம். குழியை இன்னிக்கே மூடிடுங்க.”

பிப்ரவரி 13, வெள்ளி

ஆயாம்மா வந்துவிட்டார். சிஸ்டரே வீட்டுக்குப் போய் அழைத்துவந்தாராம். நான் வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு பெரிய பேச்சே தயாரித்து வைத்திருந்தேன்.

அவர் முழுவதும் கேட்கவில்லை. “நீங்க வாயைத் திறக்க ஒரு நாள் பூரா ஆச்சு டீச்சர். அந்த ஒரு நாள் என் பேரப்புள்ளைங்க என்னை எப்படிப் பார்த்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சரிதான். 

குழியின்மேல் பலகை போட்டு, அதன்மேல் தகரம் வைத்து மூடினோம். நீல அணி ஓவென்று அழுதது. சிட்டு அழவில்லை. தகரத்தின்மேல் கல் வைக்க இடம் காட்டினாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாமா என்று இவர் கேட்டார். “எனக்கா, அவளுக்கா?” என்றேன். “ரெண்டு பேருக்கும்” என்றார். குழிப் பக்கத்துக் கொட்டகையில் சருகு மூட்டைகள் கூரையைத் தொடுகின்றன. எல்லாம் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கின்றன.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

பக்கத்துப் பங்கிலிருந்து வந்த சாம்பல். ஊர் முழுக்க விஷயம் பரவியிருக்கிறது, வரிசையில் நிற்கும்போது முதுகு கூசியது.

சிட்டு எனக்கு முன்னால் நின்றாள். ஃபாதர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்து, எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார்: நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய். அவள் நகரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, தன் கணக்கில் ரகசியமாக, “பாரும்மா, மண்ணுன்னுதான் சொல்றாரு, சாம்பல்னு சொல்லலை” என்றாள். நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். ஃபாதரின் விரல் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. எனக்குப் பூசும்போது அவருடைய உதடு ஒரு பக்கம் கோணியது. பக்கத்தில் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கேட்டதா, கேட்கவில்லையா, தெரியவில்லை.

நாளைக்கு நெருப்பு. சிட்டுவைக் கடைசி பீரியடுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்ப சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன். “தினமுமா டீச்சர்?” என்றார். தினமும்தான் சிஸ்டர், வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 19, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதுகிறேன். சிட்டுவுக்கு இப்போது பரவாயில்லை. பரவாயில்லை என்று டாக்டரும் சொன்னார்.

கொட்டகையைக் காலி பண்ண வேண்டும் என்று, இவர் வந்து சிட்டுவை அழைத்துப்போவதற்கு முன்பே கொளுத்திவிட்டார்கள். அத்தனை மூட்டை. காற்று வேறு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் மாடியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் புகையைப் பார்த்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன் — கீழே வராந்தாவில் ஆயாம்மா. அவர் மடியில் சிட்டு. தோள்பட்டை ஏறி ஏறி இறங்குகிறது, உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிதாக.

“பைல இருக்கு, பைல இருக்குன்னு கையைக் காட்டுச்சு. நான்தான் அந்த மருந்துக் குழாயை எடுத்து வாயில வெச்சேன். சரியா வெச்சேனா டீச்சர்? எப்படி அழுத்தறதுன்னு தெரியல. புள்ளையே என் கையைப் பிடிச்சு அழுத்திக்கிச்சு.”

சரியாகத்தான் வைத்திருந்தார்.

வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்துப் புகை போகும்போது சிட்டுவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தூங்கின பிறகுதான் கேட்டார்: “இது இந்தப் பள்ளிக்கூடத்துப் புகையாலதானா? முன்னாடி எல்லாமும்?”

“ஆமா.”

“இதை ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல? பசுமை, ஆயர், அது இதுன்னீங்க. பெரிய மனுசங்க சமாச்சாரம்னு நெனச்சேன்.”

ஏன் சொல்லவில்லை? என் பெண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தையே வளைக்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. பள்ளிக்கூடம் முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். கொளுத்துகிறவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடவுளே.

பிப்ரவரி 20, வெள்ளி

லீவு. சிட்டு தூங்கிக்கொண்டே இருக்கிறாள். நான் பக்கத்திலேயே.

பிப்ரவரி 23, திங்கள்

சிட்டுவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். வேறு பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வைத்திருக்கிறோம், இடம் இருந்தால் சொல்வார்களாம். சிஸ்டர் காலையில் என்னை நிறுத்தி, “பிள்ளை எப்படி இருக்கா?” என்றார். சொன்னேன். “எனக்கு இவ்வளவு தெரியாது” என்றார். நான் மாடியேறி வகுப்புக்குப் போனேன்.

கடைசி பீரியடில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வரவில்லை. மணி அடித்தும் வரவில்லை. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் தகரம் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். குழிக்குள் ஆயாம்மா சருகு போட்டு, அதன்மேல் தோல் போட்டு, மறுபடி சருகு போட்டுக்கொண்டிருந்தார். அளவு அவ்வளவு சரி. இத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

“சிஸ்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றேன்.

“அது என் பாடு. உங்களுக்காகப் பண்றேன்னு நெனச்சுக்காதீங்க டீச்சர், உங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

பிப்ரவரி 26, வியாழன்

இன்றுமுதல் சிட்டு மறுபடி பள்ளிக்கூடம் வர ஆரம்பித்துவிட்டாள். நான்தான் பயந்து பயந்து இரண்டு பீரியடுக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆயாம்மாவும் நானும் குழிப் பக்கம் நின்றபோது சிஸ்டர் வந்துவிட்டார். கூடவே கோயில்பிள்ளை. ஒளிக்க நேரமில்லை, தகரம் கையிலேயே இருந்தது. 

“என்ன ஆயாம்மா, இந்த வாரம் புகையையே காணோம்?” என்றார் சிஸ்டர்.

ஆயாம்மா கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். “தீப்பெட்டி நமுத்துப் போச்சு சிஸ்டர்.”

அந்த நேரத்திலும் வெயில் சுட்டது. மழை பெய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. கோயில்பிள்ளை வாயைத் திறந்தார். சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார், அவர் மூடிக்கொண்டார்.

சிஸ்டர் குழிக்குள் குனிந்து பார்த்தார். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து, திரும்பப் போட்டார். அந்த மண்ணில் பங்கு மக்களின் ஓலை எல்லாம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“புதுத் தீப்பெட்டி வாங்கணுமே” என்றார்.

“ஆமா சிஸ்டர், வாங்கணும்.”

“தவக்காலம். இதுக்காகக் கடைக்கெல்லாம் ஓட வேண்டாம். ஈஸ்டர் போகட்டும், அப்புறம் யாருக்காவது ஞாபகம் வந்தா பார்த்துக்கலாம்.”

போய்விட்டார். கோயில்பிள்ளை அவர் பின்னாலேயே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. நானும் ஆயாம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

“நின்னுட்டிருந்தா ஆகுமா டீச்சர்?” என்று மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். “கிளறுங்க.”